மூன்றாம் மாடியில் ஓடிய பஸ்

ஒன்பது வருஷம் பஸ்ஸில் நின்றே பிழைத்தவளைப் போய் வீட்டில் உட்கார் என்றால் எப்படி உட்காருவாள்? அந்தக் கண்டக்டரிடம் அதைத்தான் சொன்னார்கள். நோய் ஊருக்குள் புகுந்ததும் வண்டிகளை எல்லாம் டிப்போவுக்குள் விட்டுக் கேட்டைப் பூட்டினார்கள். ஆறு மாத வயிற்றோடு நின்றவளைப் பார்த்து, "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா, வண்டி ஓடறப்போ கூப்பிடறோம்" என்றார்கள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. தூங்கினாள். எழுந்து பிஸ்கட் தின்றாள். மறுபடி தூங்கினாள். புருஷன் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவருக்கும் பள்ளி மூடிவிட்டதால், சாப்பாட்டு மேஜையில் ஃபோனை நிறுத்திவைத்து அதன் வழியாகப் பிள்ளைகளுக்கு மரமும் மலையும் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள், அவரும் கண்டக்டரம்மா என்பார். அதில் இரண்டு பேருக்கும் ஒரு பெருமை.

மூன்றாவது வாரம், பக்கத்துத் தெருவில் இருந்த எட்டுப் படுக்கை பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளர் இனிப்புத் தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை ஏறியிருக்கு" என்றார். "வயித்துல பிள்ளை இருக்கிறப்போ சிலருக்கு இப்படி வரும். பெத்த பிறகு பெரும்பாலும் போயிடும். ஆனா அதுவரைக்கும் கட்டுல வெச்சாகணும்."

"எனக்கா? எங்க வீட்ல யாருக்குமே கிடையாதே டாக்டர்! பஸ்ஸுக்குள்ளயே தினம் எத்தனை மைல் நடக்கிறவ நான், தெரியுமா?"

"நடந்தவ" என்று திருத்தினார் டாக்டரம்மா. "இப்போ என்ன பண்றீங்க?"

கண்டக்டருக்கு மூக்கு உடைந்துவிட்டது. பிஸ்கட் பாக்கெட் கண்முன் வந்து போயிற்று.

விரலில் குத்திப் பார்க்க ஒரு சின்ன மெஷின் கொடுத்தார்கள். தினமும் நான்கு தடவை பார்க்க வேண்டும்: காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பிறகு ஒவ்வொரு சாப்பாடும் முடிந்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று. வெறும் வயிற்றில் தொண்ணூற்றைந்துக்குள், சாப்பிட்ட பின் நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும். என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார்கள். "மூணு வேளை சாப்பாட்டுக்கும் அரை அரை மணி நேரம் நடங்க. வயிறு இறுக்கிப் பிடிச்சா, தலை சுத்தினா, உடனே உட்காரணும். எல்லாம் தாள்ல இருக்கு, படிச்சுப் பாருங்க."

"சரி டாக்டர்."

"பத்து நாள் கழிச்சு வாங்க. அப்பவும் குறையலைன்னா ஊசி ஆரம்பிக்கணும். ஊசி போட்டுக்கிறது ஒண்ணும் குத்தமில்லை, குழந்தைக்கு நல்லதுதான். ஆனா ஊசி போடற அம்மாவுக்கு இங்க பிரசவம் பார்க்க எங்களுக்கு வசதி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுப்பேன்."

ஊசி என்றதற்கு அவள் அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றதும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி இருபத்தேழு ஸ்டாப் தள்ளி. அவள் ரூட்தான். அவளோடு ஐந்து வருஷம் வண்டி ஓட்டிய டிரைவர் அண்ணன், டிப்போவைப் பூட்டிய பதினான்காம் நாள், இருமிக்கொண்டே கையில் ஒரு பையோடு அந்த ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனார். மூன்று நாள் ஃபோனில் பேசினார். நாலாம் நாள் ஃபோன் எடுக்கவில்லை. அண்ணியால்கூட அப்புறம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போகிறவர் ஒற்றை ஆளாகத்தான் போக வேண்டும், கூட ஒரு ஈ காக்கை நுழையக் கூடாது என்பது அங்கே சட்டம். பிள்ளை பெறப் போனாலும் அதே சட்டம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாஸ்டரிடம் வெளிப்படையாகவே சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கு மாஸ்டர். வலிக்குப் பயமில்லை. அந்தக் கேட்டுல உங்களை நிறுத்திட்டு நான் மட்டும் உள்ள போறதுக்குத்தான் பயம்."

"போக மாட்டே" என்றார் மாஸ்டர். எந்தத் தைரியத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

நடக்க வேண்டும், சரி. எங்கே நடப்பது? தெருவில் காலை வைத்தால் போலீஸ் திருப்பி அனுப்புகிறது. மொட்டை மாடிக்குப் பூட்டு. வராந்தாவில் யாரும் நிற்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. மிச்சம் வீடுதான். அடுப்படிச் சுவரில் ஆரம்பித்து, கூடத்தைத் தாண்டி, படுக்கையறை ஜன்னல் வரை அவள் அளந்து நடந்து பார்த்தாள். பதினோரு தப்படி.

"மாஸ்டர்!" என்று கத்தினாள். "இது நம்ம வண்டி நீளம்!"

அட, அப்புறம் அந்த வீடு வீடாகவா இருந்தது? இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல், துணி தேய்க்கிற மேஜை, காலி டிரங்குப் பெட்டி எல்லாம் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு ஆள் போகிற வழி. வயிறு முன்னே தள்ளுகிறபோது பிடித்துக்கொள்ள இரண்டு கைக்கும் சீட்டின் முதுகு வேண்டுமல்லவா? மாஸ்டர் பெரிய வெள்ளைத் தாள்களில் பஸ் ஜன்னல் வரைந்து, ஜன்னலுக்கு வெளியே மரமும் கடையும் வரைந்து, சுவர் முழுக்க ஒட்டினார். டாக்டரம்மா கொடுத்த தாளையும் சாப்பாட்டுப் பட்டியல் தெரிகிற மாதிரி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். நான்கு மூலையிலும் பசை, அசையாது.

காலை ஏழரைக்கு முதல் ட்ரிப், பகல் பன்னிரண்டுக்கு இரண்டாவது, மாலை ஏழுக்கு மூன்றாவது. மாஸ்டர் வகுப்பு இல்லாத நேரத்தில் பயணியாக உட்காருவார். "ஆஸ்பத்திரி ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பார். "இந்த வண்டி பெரிய ஆஸ்பத்திரி போகாது, எறங்குய்யா" என்று அவள் சீறுவாள். வகுப்பு நடக்கிறபோதும் வண்டி நிற்காது. "சார், உங்களுக்குப் பின்னாடி யாரோ போய்ட்டு வந்துட்டே இருக்காங்க" என்று பிள்ளைகள் சொல்ல, "அது பஸ். நீங்க மரத்தை வரைங்க" என்பார் மாஸ்டர்.

சில்லறை கேட்பாள், உள்ளே போ உள்ளே போ என்று விரட்டுவாள், படியில் தொங்காதே என்று டிரங்குப் பெட்டியைத் திட்டுவாள். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். எந்தக் கண்டக்டரும் ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை சொல்கிற சொல் அது: ரைட். அவள் ரைட் சொல்லாமல் அண்ணன் ஒருநாளும் வண்டியை நகர்த்தியதில்லை. இப்போது அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. மாஸ்டருக்குத் தெரியும்.

இத்தனை நடந்தும் மெஷின் மசியவில்லை. முதல் நாள் நூற்று ஐம்பத்தெட்டு. இரண்டாம் நாள் நூற்று அறுபத்துமூன்று. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து நிமிஷம் கூட்டி நடந்தாள். நூற்று ஐம்பத்தொன்று. சாப்பாட்டில் ஒரு பருக்கை கூடுதல் கிடையாது. மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கரண்டியால் அளந்து போட்டார். காலை வெறும் வயிற்று எண் மட்டும் ஒழுங்காக இருந்தது. சாப்பிட்டபின் பார்க்கிற மூன்றும் கிண்டல் செய்வதுபோல் ஏறியே நின்றன.

இதற்கு நடுவில் கீழ்வீட்டுக்காரர் வேறு. அவர் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர். நிலையத்துக்குப் போக முடியாததால், வீட்டு அலமாரிக்குள் சட்டைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு ஃபோனில் செய்தியைப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தார். மனுஷன் வீட்டிலும் செய்தி பாஷையில்தான் பேசுவார். நான்காம் நாள் காலை மாஸ்க்கோடு வந்து, வாசலிலிருந்து நாலு படி தள்ளி நின்றார்.

"வணக்கம். தங்கள் இல்லத்திலிருந்து தொடர்ச்சியாகப் பலத்த ஓசை எழுவதாக அறியப்படுகிறது."

"நடக்கிறேன் சார். டாக்டர் சொல்லியிருக்காங்க."

"நேற்றைய செய்தியில் நிதி அமைச்சருக்குப் பின்னால் யார் இடிப்பது என்று நிலையத்தில் விளக்கம் கேட்டுள்ளனர்."

கதவைச் சாத்திவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் பயந்து ஓடிவந்தார். ஆனால் சிரிப்பு அன்றோடு சரி. ஆறாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் நூற்று ஐம்பத்தாறு. அவள் மெஷினை மேஜையில் வைத்துவிட்டு, பஸ்ஸின் கடைசி சீட்டாகிய டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்து அழுதாள்.

"இன்னும் நாலு நாள்தான் மாஸ்டர். நான் என்னதான் பண்றது? காலு வீங்குற அளவுக்கு நடந்தாச்சு. என் உடம்பே எனக்கு எதிரா நிக்குது."

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரல் நுனியிலும் ஊசி குத்திய புள்ளிகள். அவருக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

அப்போதுதான் கதவிடுக்கு வழியாக ஒரு தாள் உள்ளே வந்தது. ரேடியோக்காரரின் இரண்டாவது புகார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"பாருங்க, ஆளு எழுதியே குடுத்துட்டாரு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் வாசித்தாள். "காலை ஏழு முப்பது முதல் எட்டு பத்து வரை, தடதட சத்தம். எட்டு பத்துக்கு நாற்காலி இழுபடும் சத்தம், தட்டுச் சத்தம். எட்டரை முதல் பதினொன்று ஐம்பது வரை, முழு அமைதி. பன்னிரண்டு முதல் பன்னிரண்டு நாற்பது வரை, தடதட சத்தம். பிறகு தட்டுச் சத்தம். பிறகு முழு அமைதி..."

வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. டைம் டேபிளைப் பார்த்தாலே வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே சும்மா நிற்கிறது என்று சொல்லிவிடுகிற கண் அது. ஒன்பது வருஷப் பழக்கம்.

"மாஸ்டர், சாப்பிட்ட பிறகு வண்டி நிக்குது."

"என்னது?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஓடுது. சாப்பிட்டதும் ஹால்ட். மூணு வேளையும் அப்படித்தான். அந்த ஃப்ரிட்ஜ் தாளை எடுங்க!"

பசை நன்றாகப் பிடித்திருந்தது. மாஸ்டர் நகத்தால் சுரண்டி, ஒரு மூலையைக் கிழித்துத்தான் எடுத்தார். பின்பக்கத்தில் நடையைப் பற்றித் தடித்த எழுத்தில் நாலு வரி. முதல் வரியே, சாப்பிட்டு முடித்த பிறகு நடக்கவும் என்றுதான் இருந்தது.

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ட்ரிப் முடிந்து ஆளை இறக்கிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பது. திறந்து சாப்பிட்டால் அடுத்த வண்டி எடுக்கும் வரை உட்காருவது. நிறைந்த வயிற்றோடு ஓடுகிற பஸ்ஸில் நின்றால் குமட்டும் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே கற்றுக்கொண்டிருந்தாள். நடங்க என்று டாக்டரம்மா சொன்னதும் அவள் கால் அந்தப் பழைய ஒழுங்கிலேயே கிளம்பிவிட்டது. மாஸ்டரோ, பசை போடுவதில் காட்டிய அக்கறையைத் தாளைத் திருப்புவதில் காட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். "அப்படித்தானே எழுதியிருக்கேன்? சாப்பிட்டு எழுந்ததும் மெதுவா ஆரம்பிங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றைக்குப் பகல் முதலில் தட்டு, பிறகு வண்டி. எட்டு தப்படியிலேயே ஏப்பம் வந்தது, நெஞ்சைக் கரித்தது. "பாதையில குழி ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வேகத்தைக் குறைத்து, சீட்டைப் பிடித்துப் பிடித்து அரை மணி நேரம். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினாள். மெஷின் யோசிக்கிற அந்த ஐந்து விநாடி இருக்கிறதே, அதில் மாஸ்டர் மூச்சே விடவில்லை.

நூற்று முப்பத்துமூன்று.

"எறங்குதுடி!" என்று மாஸ்டர் குதித்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் அவளை 'டி' போட்டது அன்றைக்குத்தான். கீழேயிருந்து ரேடியோக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார்.

அன்று மாலை நூற்று இருபத்தாறு. மறுநாள் காலை நூற்று இருபத்தொன்று. எட்டாம் நாள் பகலில் நூற்றுப் பதினேழு வந்தபோது அவள் குதிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கின பிள்ளை மாதிரி வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றிவந்தாள். பிறகு ஒரு தாள் எடுத்து, டிப்போவில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு, புது டைம் டேபிளை எழுதி, மாஸ்டரிடம் கொடுத்துக் கீழ்வீட்டுக் கதவிடுக்கில் போடச் சொன்னாள். அடியில், "உங்க புகாருக்கு ரொம்ப நன்றி சார்" என்று ஒரு வரி.

பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. "தங்கள் புதிய கால அட்டவணை பெறப்பட்டது. செய்திப் பதிவு நேரங்கள் அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டுள்ளன. நன்றி எதற்கு என்பது குறித்து உடனடித் தகவல் இல்லை."

பத்தாம் நாள் டாக்டரம்மா அந்த எண்களை மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். "ஆறாம் நாள் காலை வரைக்கும் மலை உச்சியிலேயே நிக்குது. அப்புறம் சரசரன்னு எறங்குது. என்ன பண்ணீங்க?"

"நடந்தேன் டாக்டர்."

"முன்னாடி?"

"முன்னாடியும் நடந்தேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சாப்பாட்டுக்கு முன்னாடி."

கதை முழுவதையும் கேட்டு டாக்டரம்மா சிரித்ததில் மாஸ்க் மூக்கை விட்டு நழுவியது. அதைச் சரிசெய்துகொண்டு, "பஸ் ஓடட்டும்" என்றார். "பிரசவம் வரைக்கும் ஒரு ட்ரிப்பும் கேன்சல் ஆகக் கூடாது. இப்படியே இருந்தா இங்கேயே பெத்துக்கலாம். வீட்டுக்காரரும் உள்ள வரலாம்."

கேன்சல் ஆகவில்லை. ஏழாம் மாதம் முடிந்து எட்டாவது வந்தது, எட்டு போய் ஒன்பது வந்தது. முதுகு வலித்தது, பாதம் செருப்புக்குள் நுழைய மாட்டேன் என்றது, பிள்ளை விலாவில் உதைத்தது. ஒருநாள் வயிறு இறுக்கியபோது மட்டும் உடனே உட்கார்ந்து, டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு மறு ட்ரிப் எடுத்தாள். மற்ற நாளெல்லாம் சாப்பிட்டுக் கை கழுவினால் வண்டி எடுத்தாயிற்று. இரண்டு தடவை எண் நூற்றிருபதைத் தாண்டியது; அடுத்த வேளையே இழுத்துக் கொண்டுவந்தாள். ஜன்னல் படங்கள் சலித்துப்போகாமலிருக்க மாஸ்டர் வாரா வாரம் வேறு தெரு வரைந்து ஒட்டினார். எண்பதாம் நாள் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டுக்குள்ளேயே முந்நூற்றிருபது கிலோமீட்டர்.

"உன் ரூட்டை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் பத்து தடவை நடந்திருக்கே, கண்டக்டரம்மா."

"ஆமா" என்றாள் அவள். அடக்கமெல்லாம் காட்டவில்லை. எதற்குக் காட்ட வேண்டும்? நடந்தது அவள் கால்தானே.

வலி வந்தது ஒரு காலை ட்ரிப்பின் நடுவில், துணி தேய்க்கிற மேஜைக்குப் பக்கத்தில். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ரேடியோக்காரர் முழங்கையால் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு, செய்தி பாஷை மறந்துபோய், "பாத்துப் போம்மா, நல்லபடியா வா" என்றார். பக்கத்துத் தெருதான். அவள் நடந்தே போனாள். வலி வருகிறபோது மாஸ்டர் தோளைப் பிடித்து நின்றாள், விட்டதும் நடந்தாள். ஆஸ்பத்திரிக் கேட்டில் மாஸ்டரை யாரும் நிறுத்தவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கும் ரத்தம் பார்ப்பார்களாம். குழந்தை முதல் தடவை பால் குடித்து முடித்த பின் நர்ஸ் வந்து, அந்தக் குட்டிக் குதிகாலில் ஒரு குத்து குத்தினாள். தன் விரலில் முந்நூறு தடவைக்கு மேல் குத்திக்கொண்டபோது முகம் சுளிக்காதவள், அதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டாள். மாஸ்டரின் கை அவள் கைக்குள் இருந்தது. மறுபடியும் அதே மெஷின், அதே ஐந்து விநாடி.

"அறுபத்திரண்டு. பிறந்த குழந்தைக்கு அருமையா இருக்கு" என்றாள் நர்ஸ்.

அப்போதுதான் கண்டக்டர் வாய்விட்டு அழுதாள். பத்து தடவை நடந்த ரூட்டுக்கும் சேர்த்து, அண்ணனுக்கும் சேர்த்து அழுதாள். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பசிக்கிறது என்றாள்.

மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு வந்தது. தட்டு காலியானதும் அவள் மெதுவாகக் காலைக் கீழே வைத்தாள்.

"எங்க எழுந்துக்கிறீங்க?" நர்ஸ் ஓடிவந்தாள்.

"சாப்பிட்டாச்சு. நடக்கணும்."

"சர்க்கரைதான் இனிமே போயிடுமே, இன்னிக்காவது படுங்களேன்!"

டாக்டரம்மா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "விடு, அவங்களை நிறுத்த முடியாது. நீ கூடப் பிடிச்சுக்கோ. ஒரே ஒரு ரவுண்டு, அவ்வளவுதான்."

கண்டக்டர் வாசலில் நின்று வராந்தாவை ஒரு கண் அளந்தாள். பதினாலு தப்படி இருக்கும். பெரிய வண்டிதான். அந்தக் கோடியில் பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், மடியில் துணிச் சுருளுக்குள் புதுப் பயணி. நர்ஸ் இந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கை சுவரைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளும் தொண்டையில் நின்றிருந்த சொல் தானாகவே வெளியே வந்தது, எட்டுப் படுக்கைக்கும் கேட்கிற மாதிரி.

"போலாம், ரைட்!"